மூன்றாவது பெடல்

ஷெட்டின் பூட்டுக்கு நான்காவது சாவிதான் சரியாக இருந்தது. முதல் மூன்றையும் தம்பி ஒவ்வொன்றாக நுழைத்து, நிதானமாகத் திருப்பிப் பார்த்தான். அவனுக்கு அவசரமே இல்லை. பூட்டு திறக்காமலே போயிருந்தால் அவன் சந்தோஷப்பட்டிருப்பான்.

"வண்டிய விட்டுட்டு வேற எது வேணா கேளுக்கா," என்றான். "வீட்டையே வேணும்னாலும் எடுத்துக்கோ."

"வீட்டுக்குச் சக்கரம் இருக்கா?"

பின்னால் நின்ற மெக்கானிக் சிரித்துவிட்டு, சிரித்தது தெரியாமல் இருக்க இருமினார். எல்லாரும் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். எஞ்சின்மேல் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு நோய் சொல்கிறவர். தம்பியின் அக்காவைத் தெருவில் பல்லுக்காரி என்பார்கள். பல் செட் செய்யும் லேபில் ஒன்பது வருஷமாக வேலை. டாக்டரின் மேல்வரிசைப் பல் அவள் கைவேலைதான்.

கதவு திறந்தது. நாலரை மணி வெயில் ஒரு முழம் உள்ளே போய், அதற்குமேல் போகப் பிடிக்காததுபோல் நின்றுவிட்டது.

முதலில் வந்தது வாசனை. பெட்ரோல். வெடித்துப்போன தோல் இருக்கை. எலி. எல்லாவற்றுக்கும் அடியில், மெல்லிய கோடாக, வலித் தைலம்.

அப்பா தன் இடது முழங்காலுக்குத் தினமும் தேய்த்துக்கொண்ட தைலம் அது. நாற்பது வருஷம் கிளட்ச் மிதித்த கால். அவர் இறந்து ஐந்து மாதம் ஆகிறது.

"தைல வாசன வருதுல்ல?" என்று மெல்லக் கேட்டாள்.

தம்பி மூக்கை உறிஞ்சினான். "எலி வாசனதான்," என்று காதைத் தடவிக்கொண்டான். பொய் சொல்லும்போது அவன் கை காதுக்குப் போகும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

டாக்டர் துணியை உருவினார். கரும்பச்சை. இரண்டே கதவு, நீண்ட முகப்பு, தரையைத் தொட்டுவிடும்போல் தாழ்ந்த உடம்பு. முப்பத்தாறு வயதான ஸ்போர்ட்ஸ் கார். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகலாமா என்று யோசிப்பவர்போல் நின்றார்.

"அண்ணே, ரசிச்சது போதும். முடியுமா முடியாதா?"

"முடியும்மா. இந்த மாடல கம்பெனியே ரெண்டு விதமாத்தான் வித்தான். அஞ்சு கியர் மேனுவல், மூணு கியர் ஆட்டோமேட்டிக். ஆட்டோமேட்டிக்க யாரும் சீண்டல, அவ்வளவுதான். என் யார்டுல அதுல ஒண்ணு பின்னாடி நசுங்கிக் கெடக்கு. கியர்பாக்ஸ் குத்துக்கல்லாட்டம் இருக்கு. அத எடுத்து இதுல வெச்சா, கம்பெனி போட்ட மாதிரியே உக்காந்துடும்."

"அப்பா இருந்தா இதக் கேட்டு உயிரையே விட்டிருப்பாரு," என்றான் தம்பி.

"அதான் விட்டுட்டாரே. இனி என்ன?"

அப்பாவுக்கு அந்த மாதிரி வண்டி என்றாலே ஏளனம். ஆட்டோமேட்டிக் ஓட்டுவதும் நாற்காலியில் உட்கார்ந்து தூங்குவதும் ஒன்று என்பார். அவள் டிரைவிங் ஸ்கூலில் கிளட்ச் இல்லாத இரண்டு பெடல் வண்டியில் கற்று லைசென்ஸ் வாங்கி வந்தபோது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொம்மைக் காருக்கெல்லாம் லைசென்ஸ் குடுக்கிறானா?" என்றார். பிறகு ஷெட்டின் பக்கம் தலையைக் காட்டி, "அது ரெண்டு காலும் உள்ளவங்களுக்கு," என்றார்.

அவளுக்கு இடது முழங்கால் மடங்காது. அதை மடங்காமல் செய்ததும் இந்த வண்டிதான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், அவளுடைய பத்தொன்பதாவது வயதில், குவாரிச் சரிவின் மூன்றாவது வளைவில் வண்டி கைப்பிடிச் சுவரில் மோதியது. ஓட்டிய அப்பாவுக்கு நெற்றியில் நாலு தையல். பக்கத்தில் இருந்த அவளுக்கு முழங்கால் நொறுங்கித் தகடு வைத்தார்கள். ஏன் மோதியது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா ஒரே பதில்தான் சொன்னார். "இவ கத்துன கத்துல எனக்குக் கை தடுமாறிப் போச்சு."

அவளுக்கு நினைவிருப்பது வேறு. குவாரியில் ஷிப்ட் முடியும் சங்கு ஊதியது. சரிவின் உச்சியில் அப்பா, "இப்ப பாரு, பறக்கும்," என்றார். எஞ்சின் சத்தம் சட்டென்று அறுந்தது. காற்று மட்டும் சீறியது. வண்டியை எதுவும் பிடித்திருக்கவில்லை. அதன் பிறகுதான் அவள் கத்தினாள்.

அதன் பிறகுதான் என்று நினைக்கிறாள். பதினோரு வருஷம் ஒரே பதிலைக் கேட்டுக்கொண்டிருந்தால் சொந்தக் காதின் மேலேயே சந்தேகம் வந்துவிடுகிறது. கத்தியது முன்னாலா, பின்னாலா? படுக்கையில் கண்ணை மூடி எத்தனையோ முறை அந்தச் சரிவில் இறங்கிப் பார்த்துவிட்டாள். ஒருமுறையும் உறுதிப்படவில்லை. லேப் சரிவுக்கு அந்தப் பக்கம்தான். நேராகப் போனால் இருபது நிமிஷம். அவள் ஊரைச் சுற்றும் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போய்வருகிறாள்.

ஒருமுறை, ஒரே ஒருமுறை, அந்தச் சரிவில் தானே ஓட்டி இறங்க வேண்டும். இதே வண்டியில். அதற்குத்தான் வந்திருக்கிறாள்.

டாக்டர் அளவெடுத்துவிட்டு, ஜாக்கி எடுத்துவரத் தெருமுனைக்குப் போனார். தம்பி கதவோரம் நின்று ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான். அவள் முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு கையாலும் இடது காலைத் தூக்கி உள்ளே வைத்து, டிரைவர் இருக்கையில் அமர்ந்தாள். இந்த வண்டியில் அந்த இடத்தில் முதல்முறை.

கால் நேராக நீண்டு, கிளட்ச் பெடலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

தொலைவில் குவாரிச் சங்கு ஊதியது. மணி ஆறு பத்து.

கிளட்ச் பெடல் இறங்கியது.

விழவில்லை. இறங்கியது. மிதிக்கத் தெரிந்த கால் மிதிப்பதுபோல், மேலே மெதுவாக, அடியில் உறுதியாக. தரை வரைக்கும் போய் அங்கேயே நின்றது.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணினாள். பயந்தால் எண்ணுவது அவள் பழக்கம். ஒன்று, இரண்டு, மூன்று.

பத்தொன்பதில் பெடல் மேலே வந்தது.

தைல வாசனை இப்போது கோடாக இல்லை. யாரோ கழுத்தருகே குனிந்து நிற்பதுபோல் இருந்தது.

டாக்டர் வந்ததும் சொன்னாள். அவர் அசரவில்லை. "உள்ள ஒரு சின்ன சிலிண்டர் இருக்கும்மா. சீல் போனா எண்ணெய் ஒழுகிப் பெடல் தானா இறங்கும். எல்லாப் பழைய வண்டிக்கும் வர்ற சீக்குதான்," என்றபடி பானெட்டைத் தூக்கி டார்ச் அடித்தார். பிறகு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

"என்ன அண்ணே?"

"சிலிண்டர்ல எண்ணெய் சொட்டுகூட இல்ல. பெடல மேல தூக்குற ஸ்பிரிங்கும் அறுந்து தொங்குது." அவர் குரலில் விளையாட்டு போயிருந்தது. "இந்தப் பெடல் தரையோட படுத்துக் கெடக்கணும்மா. நீ அது இறங்குச்சேன்னு பயப்படுற. நான் அது நிக்குதேன்னு பயப்படுறேன்."

அன்று வீட்டுக்குப் போய் அவள் தன்னோடு சண்டை போட்டாள். களைப்பாக இருக்கும். வாசனை மனதைக் குழப்பியிருக்கும். ஸ்பிரிங் எங்கேயாவது சிக்கி நின்றிருக்கும். ஒவ்வொரு காரணமும் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் லேபில் அவள் படித்த பாடம் ஒன்று உண்டு. வாய்க்குள் என்ன இருக்கிறது என்று வாதாடக் கூடாது. அச்சு எடுத்துப் பார்க்க வேண்டும்.

மறுநாள் லேபிலிருந்து இளஞ்சிவப்பு மெழுகுத் தகடு ஒன்றை எடுத்து வந்தாள். பல் வரிசை கடிக்கும் விதத்தைப் பதிவு செய்யும் மெழுகு. வெந்நீரில் காட்டி இளக்கி, கிளட்ச் பெடலின் ரப்பர்மேல் ஒட்டி, ஓரங்களைக் கத்தியால் சீவினாள். வண்டிக் கதவைச் சாத்தி, ஷெட்டைப் பூட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே கல்மேல் உட்கார்ந்தாள்.

ஆறு பத்துக்குச் சங்கு ஊதியது.

உள்ளே, மிக லேசாக, பெடலின் கீல் முனகியது.

அவள் எண்ணினாள். பத்தொன்பதில் மறுபடியும் முனகியது.

பூட்டைத் திறந்தாள். டார்ச் வெளிச்சத்தில் மெழுகு பளபளத்தது. அதில் ஒரு பாதத்தின் முன்பகுதி பதிந்திருந்தது. சரிவாக ஓடும் டயர் வரிகள். அவற்றின் நடுவே மூன்று சின்னக் குழிகள், முக்கோணமாக.

அப்பாவின் ஷூக்களில் எப்போதும் இடதுதான் முதலில் தேயும். புது ஷூ வாங்க மாட்டார். தேய்ந்த இடத்தில் பழைய டயர்த் துண்டை வைத்து, மூன்று ஆணி அடித்துக்கொள்வார்.

அச்சில் பிளாஸ்டர் ஊற்றினாள். அரை மணியில் இறுகிய வெள்ளைக் கட்டியை எடுத்துப்போய்த் தம்பியின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

தம்பி பார்த்தான். கையில் எடுத்த சோற்றை மறுபடி தட்டிலேயே வைத்தான்.

"அந்த ஷூவ எங்க வெச்சிருக்க?" என்று கேட்டாள்.

"வெக்கல." தட்டைத் தள்ளி வைத்தான். "கடைசியா அவருக்குப் போட்டுவிட்டதே நான்தான்க்கா. லேஸ் கட்டுனதும் நான்தான். அது அவரோடயே போயிடுச்சு."

"எவ்வளவு ஆழம்னு பாரு. அடி வரைக்கும் மிதிச்சிருக்காரு. பத்தொன்பது எண்ணுற வரைக்கும் எடுக்கல. சரிவு உச்சியிலேர்ந்து மூணாவது வளைவுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

கணக்கு அவன் முகத்திலேயே ஓடியது.

"கை தடுமாறலடா. கிளட்ச்ச மிதிச்சு வண்டிய அவுத்து விட்டாரு. பறக்க விட்டுக் காட்டுனாரு."

"அக்கா... வேணாம். வண்டிய எங்கயாவது தள்ளிவிட்டுடலாம். எரிச்சுக்கூட விட்டுடலாம்."

"நான் எதுக்கு எரிக்கணும்? தப்பு பண்ணது நானா?" அவள் பிளாஸ்டர் கட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அவருக்குக் கால் வெக்க ஒரு இடம் இருக்கிறதாலதான மிதிக்கிறாரு? அந்த இடத்தையே எடுத்துடறேன்."

வேலை எட்டு நாள் பிடித்தது. டாக்டர் வண்டியைத் தன் பட்டறைக்கு இழுத்துப்போனார். தினமும் லேப் முடிந்து அவளும் போனாள். பழைய கியர்பாக்ஸை இறக்கும்போது ஐந்து போல்ட் சுலபமாகக் கழன்றது. ஆறாவதுக்கு ஒரு மாலை முழுவதும் போயிற்று. டாக்டரின் ஸ்பேனர் மூன்று முறை வழுக்கி, மூன்று முறையும் அவர் விரல் முட்டியையே பதம் பார்த்தது.

"உங்கப்பாவுக்கு என்மேல என்னம்மா கோபம்? நான் வெறும் கூலி ஆளு."

"பல்ல இறுக்கிக்கிட்டு இழுங்கண்ணே."

"எந்தப் பல்ல? நீ குடுத்த பல்லையா? அது கழண்டு விழுந்தா யார் பொறுப்பு?"

"நான் செஞ்ச பல்லு கழலாது. இழுங்க."

போல்ட் கழன்றது.

கிளட்ச் பெடலை அவளே கழற்றினாள். ஒரு பின், ஒரு வாஷர், அவ்வளவுதான். பெடல் கையோடு வந்தபோது அவள் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. அதன் ரப்பர் வெதுவெதுப்பாக இருந்தது. பட்டறை விளக்கின் சூடாக இருக்கலாம். விளக்கு எதிர்ப் பக்கத்தில் இருந்தது. பெடலைப் பழைய இரும்புப் பீப்பாய்க்குள் வீசினாள்.

அன்று ஆறு பத்துக்குச் சங்கு ஊதியது. இருவரும் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். எதுவும் அசையவில்லை.

"முடிஞ்சுது கதை," என்றார் டாக்டர்.

கடைசி நாளில் புதிய லீவரைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். "பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ், அப்புறம் ரெண்டு, லோ. இறக்கத்துல டிரைவ்ல விட்டுட்டு பிரேக்க நம்பாத. ரெண்டுக்கு இழு. செங்குத்துன்னா லோ. எஞ்சினே வண்டிய அடக்கும்." லீவரின் தலையில் இருந்த பட்டனைத் தொட்டார். "மத்ததுக்கெல்லாம் இத அமுக்கணும். டிரைவ்லேர்ந்து நியூட்ரலுக்கு மட்டும் அமுக்க வேணாம். லேசா முன்னாடி தட்டினாலே போயிடும். முழங்கை படாம பாத்துக்க."

கீழே இரண்டே பெடல். ஆக்ஸிலரேட்டர் ஒடுக்கம். பிரேக் அகலம், கிளட்ச் இருந்த பக்கம் வரைக்கும் நீண்டிருந்தது.

"ஏன் இவ்வளவு பெருசு?"

"அப்பல்லாம் எந்தக் காலால வேணா மிதிக்கட்டும்னு அப்படிப் போட்டான். ரெண்டு காலு தாராளமா வெக்கலாம்."

மறுநாள் மாலை வண்டியை எடுக்கப் போனபோது, தம்பி பட்டறை வாசலில் நின்றிருந்தான். சவரம் செய்யாத முகம். தூங்கின மாதிரியும் தெரியவில்லை.

"காலையில போலாம்லக்கா. நல்ல வெளிச்சத்துல."

"அவரு வர்ற நேரத்துக்குத்தான்டா நானும் போகணும். இல்லன்னா அவர் இல்லாதப்போ ஓடி ஒளிஞ்சு ஓட்டுன மாதிரி ஆயிடும்."

அவன் சுற்றிப் போய் மறுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்த இருக்கை.

"நீ எதுக்கு?"

"தெரியல. ஓட்டு."

வண்டி ஓடியது. டிரைவில் போட்டதும் பூனை முதுகை நெளிப்பதுபோல் ஒரு சின்ன அசைவு, பிறகு வழுக்கிக்கொண்டு முன்னேறியது. முதல் கியரிலிருந்து இரண்டாவது, இரண்டிலிருந்து மூன்றாவது. அவள் எதுவும் செய்யவில்லை. செய்ய வேண்டியதையெல்லாம் வண்டி செய்தது. மடங்காத கால் சும்மா நீண்டு கிடந்தது, யாருக்கும் பாரமில்லாமல். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்தச் சந்தோஷத்துக்கா ரெண்டு கால் வேண்டும் என்றார்?

ஊர் முடிந்தது. இருபுறமும் வெட்டப்பட்ட பாறை. வெளிச்சம் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. சரிவின் உச்சியில் எச்சரிக்கைப் பலகை தெரிந்தது.

"தைல வாசன வருதுக்கா," என்றான் தம்பி.

இந்த முறை அவன் காதைத் தொடவில்லை.

சங்கு ஊதியது.

லீவர் நகர்ந்தது.

யாருடைய முழங்கையும் படவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு தட்டில், அது டிரைவிலிருந்து நியூட்ரலுக்குப் போய் உட்கார்ந்தது.

எஞ்சின் சத்தம் அறுந்தது.

காற்று. அந்தக் காற்று. பதினோரு வருஷமாக அவள் படுக்கையில் கேட்ட அதே காற்று.

வண்டியை எதுவும் பிடித்திருக்கவில்லை. முதல் வளைவு நெருங்கியது. வேகமுள் ஏறியது.

இறக்கத்தில் பிரேக்கை நம்பாதே என்று டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது. லீவரைப் பிடித்தாள். அது அவள் கைக்குக் கீழே குளிர்ந்து, கெட்டியாக இருந்தது. இன்னொரு கையின்மேல் கை வைத்ததுபோல் இருந்தது. இழுத்தாள். வரவில்லை.

தம்பி கத்தினான்.

நெஞ்சைப் பிளந்துகொண்டு வந்த கத்தல். பாறைகளில் மோதித் திரும்பி வந்தது. "அக்கா! சுவரு! அக்கா!"

அவள் கேட்டாள். முழுதாகக் கேட்டாள். ஸ்டியரிங்கில் இருந்த கை ஒரு நூல்கூட அசையவில்லை. வண்டி முதல் வளைவைச் சுவரோடு ஒட்டி அளந்தெடுத்ததுபோல் கடந்தது.

"கைய எடுங்கப்பா," என்றாள்.

இரண்டாவது வளைவு.

"ஒரு தடவ பறந்து காட்டிட்டீங்க. என் காலு போச்சு. பழியும் என்மேல போட்டீங்க. நான் வாய மூடிக்கிட்டு பஸ்ல போனேன். இனிமே முடியாது." குரல் உயரவில்லை. பல் இறுகியிருந்தது. "இது என் வண்டி. ஓட்டுறது நான். கைய எடுங்க."

பட்டனை அமுக்கி, முழு பலத்தையும் தோளில் வைத்து இழுத்தாள்.

குளிர் நழுவியது. லீவர் டிரைவைத் தாண்டி இரண்டில் விழுந்தது. எஞ்சின் பெருங்குரல் எடுத்தது. இருவரும் முன்னால் தள்ளப்பட்டார்கள். யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டி இழுத்ததுபோல் வண்டி அடங்கியது. பிரேக்கை மிதித்தாள், லோவுக்கு இழுத்தாள். முரட்டு உறுமலோடு வண்டி நடைவேகத்துக்கு வந்தது.

மூன்றாவது வளைவில் கைப்பிடிச் சுவரின் ஒரு பகுதி மட்டும் புதுச் சிமெண்டில் இருந்தது. அதை ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டே கடந்தாள்.

சரிவின் அடியில் வண்டியை ஓரங்கட்டி பார்க்கில் போட்டாள். எஞ்சின் சூட்டில் டிக் டிக் என்றது.

"நான் கத்துனேன்," என்றான் தம்பி.

"ம்."

"உன் காதுலயே கத்துனேன். உயிர் போற மாதிரி."

"கேட்டுச்சு."

"உன் கை ஆடல." அவன் முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டான். "நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். துளி ஆடல. அப்ப... யாராவது கத்துறதால எல்லாம் வண்டி..." சரிவைத் திரும்பிப் பார்த்தான். "இத்தன வருஷம் நானும் அவரு சொன்னதத்தான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன்க்கா."

"இனிமே மாத்திச் சொல்லு. அதே ஊருக்கு."

அவள் அவனிடம் சொல்லாத ஒன்று இருந்தது. பிரேக்கை அவள் மிதித்தபோது, அவள் மிதித்ததைவிடக் கூடுதலாக அது இறங்கியது. பெடலின் மறுபாதியில் இன்னொரு எடை இருந்தது. அப்பா இத்தனை காலம் கழித்து பிரேக் போட வந்தாரா, வண்டியைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ள வந்தாரா? அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் கடமையும் தனக்கில்லை என்று நினைத்தாள்.

வீட்டுக்கு வந்து ஷெட்டைப் பூட்டுவதற்கு முன், அகலமான பிரேக் பெடல்மேல் புது மெழுகுத் தகடு ஒன்றை ஒட்டினாள். கத்தியால் அதன் நட்டநடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு கீறினாள்.

"போக மாட்டேன்னா இருங்க," என்றாள் இருட்டைப் பார்த்து. "இந்தப் பாதி என்னோடது. கோட்டத் தாண்டி ஒரு விரல் வந்தாலும், நாளைக்கே இந்தப் பெடலையும் வெட்டிச் சின்னதாக்கிடுவேன். நான் செய்வேன்னு உங்களுக்குத் தெரியும்."

காலையில் லேபுக்குக் கிளம்பும்போது ஷெட்டைத் திறந்தாள். வெளிச்சம் இன்று வண்டி வரைக்கும் வந்தது. குனிந்து பார்த்தாள்.

வலது பாதி மெழுகு வழுவழுப்பாக, நேற்று வைத்தபடியே இருந்தது.

இடது பாதியில் டயர் வரிகள். மூன்று ஆணித் தலைகள். விளிம்பு கோட்டைத் தொடாமல், ஒரு நூல் தள்ளி நின்றிருந்தது.

மெழுகை உரித்துப் பையில் போட்டுக்கொண்டாள். உட்கார்ந்து, காலைத் தூக்கி உள்ளே வைத்து, சாவியைத் திருப்பினாள். லேபுக்கு இருபது நிமிஷம்தான்.

வலது காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோனாள். கால் படுவதற்கு முன்பே, பெடல் கொஞ்சம் இறங்கிக் காத்திருந்தது.